கவிழ்த்து வைத்த தம்ளர்

நம் உணவக உரிமையாளர் சங்க மலருக்கு என்னுடைய வாழ்க்கையை எழுதிக் கொடுக்கச் சொன்னார் செயலாளர். என் வாழ்க்கையை எழுத ஒரு மலர் போதாது. பாத்திரம் கழுவ வந்த கையால் கல்லாவைத் திறந்தவன் நான். பஸ் நிலையத்துக்கு எதிரே இரண்டு மாடிக்கு நிற்கிற கடையை யாரும் எனக்குச் சீதனமாகக் கொடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டதோடு சரி. அந்தக் கூட்டுறதை வைத்துத்தான் இதையும் எழுதுகிறேன். பிழை இருந்தால் செயலாளர் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

நான் எழுதப்போவது என் தங்கை புருஷனைப் பற்றி. நீங்கள் எல்லோரும் ‘மூக்குக்காரர்’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர். இப்போது வேறு பெயர் வைத்திருக்கிறீர்கள். போன மாதக் கூட்டத்தில் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். சிரித்து முடித்தாயிற்று. இனி நடந்ததைக் கேளுங்கள்.

மாப்பிள்ளை நெடுந்தூர பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். பஸ் வழியில் நிற்கிற கடைகளில் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் தனி மேஜை உண்டு என்பது நமக்குத் தெரியும். அவர்களிடம் காசு வாங்க மாட்டோம். இறங்கி வருகிற பயணிகளிடம் அதையும் சேர்த்து வாங்கிவிடுவோம். தொழில் அப்படி. இவர் மட்டும் அந்த மேஜைப் பக்கமே போக மாட்டார். பயணிகளோடு பயணியாக உட்கார்ந்து, காசு கொடுத்துச் சாப்பிட்டு, பஸ் கிளம்பியதும் நடுவில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்வார்:

“அடுத்த தடவை இங்க நின்னா ரொட்டியும் டீயும் மட்டும் சாப்பிடுங்க. மீன் நேத்தைய மீன்.”

டிரைவருக்கு ஆத்திரம் வரும். “யோவ், உன் வாய் சும்மாவே இருக்காதா? நாளைக்கு அந்த ஆளு எனக்கு முட்டை போடுவானா?”

“காசு குடுத்துக் கேளு, போடுவான்.”

“அப்புறம் கண்டக்டர் வேலைக்கு என்னய்யா மரியாதை?”

“ஓசிச் சோறு வாயில இருந்தா பேச்சு வராது. எனக்குப் பேசணும்.”

அவ்வளவுதான் மனிதர். எந்த டிரைவரும் அவரோடு தொடர்ந்து வண்டி ஓட்டச் சம்மதிக்கவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கொஞ்ச நாள் வீட்டில் என் தங்கையின் சமையலுக்குக் கருத்துச் சொல்லிப் பார்த்தார். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “இதையெல்லாம் வெளியில போய்ச் சொல்லுங்க, நாலு பேருக்காவது உபயோகமா இருக்கும்” என்றாள். என் மருமகள், அதாவது அவர்களுடைய பெண், அதையே பிடித்துக்கொண்டாள். போனில் படம் பிடித்து ஊருக்குக் காட்டுகிற வழியைச் சொல்லிக்கொடுத்து, ‘காசு கொடுத்தவன் கருத்து’ என்று பெயரும் வைத்துவிட்டு, புருஷன் ஊருக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நடந்தது நீங்கள் பார்த்ததுதான். எதையும் இனாமாக வாங்க மாட்டார். கடையில் வாங்கி, வீட்டில் ஒரு மாதம் புழங்கி, அப்புறம்தான் பேசுவார். ஒரு குடையைப் பற்றிச் சொன்னார்: “வெயிலுக்கு வாங்குங்க, மழைக்கு வாங்குங்க. காத்தடிக்கிற ஊரா இருந்தா வேண்டாம். குடை உங்களைக் கூட்டிட்டுப் போயிடும்.” ஒரு சோப்பு: “வாசனை சோப்புல நிக்குது, உடம்புக்கு வர மாட்டேங்குது.” படுக்கை வசதி பஸ் ஒன்றைப் பற்றி: “போர்வை நல்ல கனம். துவைச்சிருந்தா இவ்வளவு கனம் இருந்திருக்காது.” வாடகைக் கார் கம்பெனி ஒன்று: “‘வந்துட்டே இருக்கேன் சார்’னு டிரைவர் சொன்னார். உண்மையான மனுஷன். இன்னும் வந்துட்டே இருக்கார்.” அந்தக் காரை அப்புறம் நம் ஊரில் யார் கூப்பிட்டார்கள்?

என் கடைக்கும் வந்தார். உறவு என்று பார்க்கவில்லை. “சாப்பாடு சுமார். தம்ளர் சுத்தம். முதலாளி பேச்சு அதிகம்” என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டுப் போனார். அதில் முதல் குறையை அன்றே சரிசெய்துவிட்டேன்.

தம்ளர் விஷயம் சங்கத்துக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் மலரைப் படிக்கிற புது ஆட்களுக்காகச் சொல்கிறேன். அவர் கடைக்குள் வந்து உட்கார்ந்ததும் காலித் தம்ளர் கேட்பார். தண்ணீர் ஊற்றக் கூடாது. அதை எடுத்து மூக்கின் மேல் கவிழ்ப்பது போலப் பிடித்து ஒரு மூச்சு இழுப்பார். சரியென்றால் நிமிர்த்தி வைத்துவிட்டு, தண்ணீரும் சாப்பாடும் கொண்டுவரச் சொல்வார். இல்லையென்றால் தம்ளரை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். படத்திலும் அதுதான் இருக்கும்: கவிழ்ந்த தம்ளர், காலி நாற்காலி.

படித்தவர்கள் இதைக் கிறுக்கு என்பார்கள். கழுவுகிற தொட்டியில் கை ஊறக் கிடந்த எனக்குத் தெரியும். தண்ணீரை மாற்றாமல் தட்டையும் தம்ளரையும் ஒரே தொட்டியில் முக்கினால் முட்டை வாடை தம்ளரில்தான் போய் உட்காரும். துடைத்தால் போகாது, வெயிலில் வைத்தாலும் போகாது. குழம்பில் மசாலாவைக் கொட்டி எதையும் மறைத்துவிடலாம். காலித் தம்ளரில் எதைக் கொட்டி மறைப்பது? அதனால் அவர் தம்ளர் கேட்கிற சத்தம் கேட்டாலே நம்மில் பாதிப் பேர் பின்கட்டுக்கு ஓடினோம். ஓடினோமா இல்லையா?

போன மழைக்காலத்தில் அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் சளி, காய்ச்சல். எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகு ஒரு நாள் காலையில் தங்கை அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் யாருடனோ பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். தீய்ந்த நெடி தெருவுக்கு வந்து, ஓடிப்போய்ப் பார்த்தால், பால் பொங்கிக் கரியாகிப் பாத்திரம் சிவந்து நிற்கிறது. அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியில் மாப்பிள்ளை அடுத்த அறைப் பக்கம் திரும்பி உட்கார்ந்து செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருக்கிறார்.

“ஏங்க, மூக்குல என்ன அடைச்சு வச்சிருக்கீங்க?” என்று கத்தியிருக்கிறாள்.

அவர் நிமிர்ந்து பார்த்த பார்வையில்தான் அவளுக்குப் புரிந்தது.

டாக்டர், திரும்ப வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்று சொல்லிவிட்டார். அப்படிச் சொல்வதற்கு அவ்வளவு படிப்பு எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் என்னிடம் சொல்லவில்லை. அந்த நாட்களில் என் கடைக்கு வந்தவருக்கு, பால் திரிந்து போயிருப்பதைக் கவனிக்காமல் டீ போட்டுக் கொடுத்துவிட்டான் மாஸ்டர். பக்கத்து மேஜைக்காரர் வாயில் வைத்ததைத் துப்பினார். மாப்பிள்ளை ரசித்துக் குடித்து, “சூடா இருக்கு, மச்சான்” என்றார். என் மேல் இருக்கிற மரியாதைக்காகத்தான் முகம் சுளிக்காமல் குடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். என்னைப் பார்த்தால் அப்படி மரியாதை வருவது வழக்கம்தானே.

இதற்குள் புருஷனும் பெண்டாட்டியும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ‘காசு கொடுத்தவன் கருத்து’ நின்றுபோனால் அவர் படுத்துவிடுவார் என்று தங்கைக்குப் பயம். எனவே அவளும் கூடவே போக ஆரம்பித்தாள். அவர் தம்ளரை முகர்ந்துவிட்டு, “நீ பாரு” என்று விளையாட்டாகக் கொடுப்பது போல அவளிடம் கொடுப்பார். அவள் ஒரு மூச்சு இழுத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மேஜைக்கு அடியில் அவர் காலை மிதிப்பாள். ஒரு மிதி என்றால் நல்லது. இரண்டு மிதி என்றால் ஆகாது. மூக்கு வருகிற வரைக்கும்தானே என்று ஆரம்பித்தது. மூக்கு வரவில்லை. இது நடந்துகொண்டே இருந்தது. என் தங்கைக்கு மூக்கு கூர்மை. எங்கள் குடும்பத்து மூக்கு. அதனால் தப்பு எதுவும் நேரவில்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்வாசலில் அந்தக் கடை வருகிற வரை.

கடைக்காரப் பெண்மணி அதே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். முட்டி வலி வந்து, நின்று வேலை செய்ய முடியாமல் விலகி, கிடைத்த பணத்தை எல்லாம் போட்டுக் கடை வைத்தார். எல்லோரும் ‘நர்ஸம்மா’ என்பார்கள். நிற்க முடியாமல் வேலையை விட்டவர் சாப்பாட்டுக் கடை வைத்தாரே என்று நானே சிரித்தேன். ஆனால் கடையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். தம்ளர்களைக் கொதிநீரில் போட்டு இடுக்கியால் எடுக்கிறார். ஒரு மேஜைக்காரர் எழுந்து போனால் அடுத்தவர் உட்காருவதற்குள் அந்த இடத்துத் தரையைத் துடைத்தாக வேண்டும். நோயாளி மாறினால் கட்டிலைத் துடைக்கிற பழக்கம் அது. கழுவுவதற்கு ஓர் அக்காவை வைத்திருந்தார். தரையைத் துடைப்பது மட்டும் அவரேதான்.

அன்று நடந்ததைத் தங்கை எனக்குச் சொன்னபடி சொல்கிறேன். அவள் எதையும் கூட்ட மாட்டாள், குறைக்க மாட்டாள்.

கடை நிறைய ஆள். மாப்பிள்ளை போனை மேஜையில் நிறுத்திவைத்து, அப்போதே ஊரில் எல்லோரும் பார்க்கிற மாதிரி நேரலையில் பேச ஆரம்பித்துவிட்டார். காலித் தம்ளர் வந்தது. முகர்ந்தார். “நீ பாரு” என்று கொடுத்தார். தங்கை முகர்ந்தாள். சுடுதண்ணீர் வாடையைத் தவிர ஒன்றுமில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு மிதி மிதித்தாள். அந்த நேரத்தில் பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து போக, நர்ஸம்மா தரையில் உட்கார்ந்து நகர்ந்தபடி துடைத்துக்கொண்டே வந்தார். துணி சுற்றிய துடைப்பம் தங்கையின் குதிகாலில் ஈரமாகப் பட்டது. அவள் மிதித்த காலைச் சட்டென்று தூக்கினாள். ஈரத்தில் வைக்க மனமில்லாமல் திரும்ப வைத்தாள். வைத்த இடம் அவர் கால்.

இரண்டு மிதி.

மாப்பிள்ளை தம்ளரைக் கவிழ்த்து வைத்தார். எழுந்தார். துடைப்பமும் கையுமாக நர்ஸம்மா தரையில் உட்கார்ந்தபடியே நிமிர்ந்து தம்ளரைப் பார்த்தார். கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டார்கள். தம்ளரில் ஏதோ கீறலோ அழுக்கோ அவர் கண்ணில் பட்டிருக்கும் என்று நினைத்துத் தங்கையும் அவர் பின்னாலேயே வந்துவிட்டாள். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கேட்டிருக்கிறாள்.

“தம்ளர்ல என்னங்க இருந்துச்சு?”

“என்னைக் கேக்குற? நீதானே சொன்ன.”

“நான் நல்லா இருக்குன்னுல்ல சொன்னேன்!”

“ரெண்டு தடவை மிதிச்சியே.”

“ஐயையோ, தொடப்பம் பட்டுச்சுன்னு காலை எடுத்து வச்சேங்க!”

பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள்.  இருவரும் இறங்கி நேராக என்னிடம் வந்தார்கள். அப்போதுதான் பால், டாக்டர், மிதி எல்லாம் எனக்குத் தெரிந்தது.

நான் யோசனை சொல்வதில் தாமதம் செய்பவன் இல்லை. “விடுங்க மாப்பிள்ளை. நாலு நாள்ல ஜனங்க மறந்துடுவாங்க. அந்தப் படத்தை மட்டும் எடுத்துடுங்க” என்றேன். தொழிலில் இன்னொரு கடை தூங்கினால் அதற்காக ஒப்பாரி வைக்கிறவன் நான் இல்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தங்கை, “அண்ணே, அந்தம்மா தரையில உக்காந்து பாத்த பார்வையை நீ பாக்கல” என்றாள்.

மாப்பிள்ளை நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டே இருந்தார். “சொன்னா மூக்கு இல்லேன்னு சொல்லணும். அதைச் சொன்னா நான் யாரு மச்சான்? பஸ் டிக்கெட் கிழிச்சவன்” என்றார்.

படத்தை எடுத்தார். எடுத்து என்ன பயன்? அதற்குள் ஊரில் யார் யாரோ பிடித்து வைத்துக்கொண்டு கைக்குக் கை அனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் ஏற்கெனவே பயந்துபோய் வருகிறவர்கள். தம்ளர் கவிழ்ந்த கடை என்றால் வாசலை மிதிப்பார்களா? நம் சங்கத்து உறுப்பினர் ஒருவர் அந்தத் தெரு முனையிலேயே வண்டிக்கடை போட்டு, ‘நிமிர்ந்த தம்ளர்’ என்று அட்டையும் எழுதி வைத்தார். பெயரைச் சொல்லவில்லை. அவருக்கே தெரியும்.

மாப்பிள்ளை தினமும் நாளை சொல்கிறேன், நாளை சொல்கிறேன் என்று தள்ளிக்கொண்டே போனார். ஒரு சாயங்காலம் என் கடையில் அவரும் தங்கையும் உட்கார்ந்திருக்கும்போது நர்ஸம்மா உள்ளே வந்தார். நான் கல்லாவில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சண்டைக்கு வருகிறார், சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். சண்டையைச் சமாளிக்க எனக்கு வழி தெரியும். அவர் சண்டை போடவில்லை. பையிலிருந்து துணி சுற்றிய ஒரு தம்ளரை எடுத்து மாப்பிள்ளை முன்னால் வைத்தார்.

“சார், கோவிச்சுக்காதீங்க. என்ன நாத்தம்னு மட்டும் சொல்லுங்க. நானும் மோந்து மோந்து பாக்குறேன், எனக்குப் பிடிபடல. சோப்பை மாத்திட்டேன். தண்ணித் தொட்டியை இறக்கித் தேய்ச்சிட்டேன். எல்லாத் தம்ளரையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா வாங்கினேன். இது அதுல ஒண்ணு. இப்பவாவது சரியா இருக்கா?”

முட்டி வலியோடு நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை.

மாப்பிள்ளை தம்ளரை எடுத்தார். மூக்கில் வைத்தார். வழக்கமாக ஒரு மூச்சுதான் இழுப்பார். அன்று வைத்த தம்ளரை எடுக்கவே இல்லை. தங்கை மேஜைக்கு அடியில் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். நான் பார்த்தேன். மிதிக்க மாட்டேன் என்று இழுத்துக்கொண்டாள்.

கடைசியில் தம்ளரை நிமிர்த்தி வைத்து, “இப்ப சரியா இருக்கும்மா” என்றார்.

நர்ஸம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! ஆஸ்பத்திரியில் பிள்ளை பிழைத்துவிட்டது என்று சொன்னால் பெற்றவர்களுக்கு வருமே, அந்த முகம். “அப்பாடா” என்று மேஜையைப் பிடித்துக்கொண்டார். “நான் நினைச்சது சரிதான். கழுவுற அக்காவை நிறுத்திட்டேன் சார். நல்லாத்தான் கழுவுனேன்னு அழுதாங்க. எனக்கே சந்தேகமா இருந்துச்சு, பாவம் பண்றோமோன்னு. அவங்க கைதான் தப்புன்னு இப்பத் தெரிஞ்சு போச்சு.”

தம்ளரைத் திரும்பத் துணியில் சுற்றிக்கொண்டு, மூன்று பேருக்கும் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் இதுவரை எதற்கும் தலை குனிந்தவன் இல்லை. அன்று கல்லா மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காரணம் சொல்கிறேன். நான் கழுவுகிற வேலையில் இருந்தபோது, யாரோ உடைத்த தட்டுக்கு என்னை வெளியே தள்ளினார்கள். ‘நான் உடைக்கல’ என்று சொன்னேன். தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறவன் சொல்வதை யார் கேட்பார்கள்? கடையில் எது நாறினாலும் முதலில் அந்தக் கையைத்தான் பார்ப்பார்கள். இன்றைக்கு எனக்கு இரண்டு மாடி இருக்கிறது. அந்த ‘நான் உடைக்கல’ இன்னும் தொண்டையில்தான் இருக்கிறது.

எழுந்து போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

“மாப்பிள்ளை, சும்மா இருங்கன்னு சொன்னது நான்தான். இப்ப நானே சொல்றேன். பேசுங்க.”

“பேசினா எல்லாம் போச்சு மச்சான்.”

“போகட்டும். நீங்க ஓசிச் சோறு சாப்பிடாததே பேசுறதுக்குத்தானே? இப்ப வாயில என்ன இருக்கு?”

 தங்கைதான் எழுந்து எங்களை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். போனை எடுத்துத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து நிறுத்தினாள்.

“தலையை வாரிக்கவாவது விடேன்.”

“இருக்கிற முடிக்கு அது ஒண்ணுதான் குறைச்சல். பேசுங்க.”

என் கடை மாடியில், ஆள் இல்லாத மேஜையில் உட்கார்ந்துதான் அவர் அதைப் பேசினார். நீங்களும் பார்த்திருப்பீர்கள். காசு கொடுத்து வாங்கியது எதுவும் இல்லாமல் அவர் பேசிய ஒரே படம் அது. அவர் சொன்னது இதுதான்: மழைக்காலத்திலிருந்து எனக்கு வாசனை தெரியாது. அதன் பிறகு சொன்னதெல்லாம் என் வீட்டுக்காரி மூக்கு. ஆஸ்பத்திரிப் பின்வாசல் கடையில் நான் கவிழ்த்தது ஒரு மிதியைத் தப்பாக எண்ணியதால். அந்தத் தம்ளரும் சுத்தம், அதைக் கழுவிய கையும் சுத்தம். காசு கொடுத்தவனாக நான் சொன்ன கருத்திலேயே மோசமான கருத்து அது. இவ்வளவையும் பஸ்ஸில் ஊர்ப் பெயர் சொல்கிற குரலில், ஏற்றம் இறக்கம் இல்லாமல் சொன்னார். கடைசியில் குரல் கொஞ்சம் உடைந்தது. தங்கை முந்தானையால் போனை மூடி நிறுத்திவிட்டாள்.

மறுநாளிலிருந்து ஊரே சிரித்தது. ‘மூக்கறுந்தவர்’ என்று பெயர் வைத்தீர்கள். அவர் தெருவில் போனால் எதிரே வருகிறவன் தன் காலைத் தானே இரண்டு தடவை மிதித்துக் காட்டுகிறான். குடை, சோப்பு, போர்வை எல்லாமே புளுகு என்றார்கள். குடைக்கும் மூக்குக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவனும் கேட்கவில்லை. அந்த வாடகைக் கார் கம்பெனிக்காரன் அவருக்கு வாழ்த்துச் சொல்லி ஒரு செய்தி அனுப்பினான். அதுவும் தாமதமாகத்தான் வந்தது.

அதையெல்லாம் அவர் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது வேறொன்று. நர்ஸம்மாவிடம் மன்னிப்புக் கேட்கப் புருஷனும் பெண்டாட்டியும் போனார்கள். துணைக்கு நானும் போனேன். நான் கூட இருந்தால் பேச்சுக்கு ஒரு கனம் இருக்கும். சாப்பாட்டு நேரம். கடையில் ஒருவர்கூட இல்லை. ஆனாலும் தரை ஈரமாக இருந்தது.

மாப்பிள்ளை கையைக் கூப்பினார். நர்ஸம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, பொறுமையாகத்தான் பேசினார்.

“பாத்தேன் சார். உண்மையைச் சொல்லிட்டீங்க. உங்க மனசுல இருந்த பாரம் இறங்கிடுச்சு. எனக்கு என்ன ஆச்சுன்னு யோசிச்சீங்களா? மூக்கு இருக்கிறவர் கவிழ்த்தா ஊரு நம்பிச்சு. மூக்கு இல்லாதவர் நிமிர்த்தினா யாரு நம்புவா?”

நான் வாயைத் திறந்தேன். எனக்கு அந்த நேரத்தில் வார்த்தை கிடைக்கவில்லை. இதையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அப்படி நடப்பது அபூர்வம்.

“கழுவுற அக்கா...” என்று தங்கை இழுத்தாள்.

“போய்க் கூப்பிட்டேன். ரெண்டு தடவை வர மாட்டேன்னுட்டாங்க. மூணாந்தடவை அவங்க வீட்டு வாசல்லயே உக்காந்துட்டேன். வந்துட்டாங்க. உள்ளதான் இருக்காங்க.”

பின்கட்டில் பாத்திரச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை அங்கே போனார். அந்த அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. இவர் கதவருகில் நின்று என்னவோ சொன்னார். அவர் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார். தண்ணீர்ச் சத்தத்தில் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டதா என்றும் தெரியவில்லை.

இவர் திரும்பி வந்து, நாங்கள் கிளம்பக் காத்திருக்கும்போது, வாசலை ஒட்டிய மேஜையில் உட்கார்ந்தார். தெருவில் போகிறவர்களுக்கு நன்றாகத் தெரிகிற மேஜை. “சாப்பாடு போடுங்கம்மா” என்றார். நர்ஸம்மா உள்ளே போய்ச் சோறு கொண்டுவந்தார்.

அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாடு அவருக்கு அங்கேதான். பஸ் ஏறிப் போய், காசு கொடுத்து, அந்த மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். போன் கொண்டுபோவதில்லை. அவருக்கு எல்லாச் சோறும் சூடு, இல்லையென்றால் ஆறினது. அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. தங்கை சில நாள் கூடப் போகிறாள். எதிரில் உட்காராமல், பக்கத்து மேஜையில் உட்காருகிறாள்.

அவர் சாப்பிடுவதைப் பார்த்து ஆஸ்பத்திரிக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் சிலர் உள்ளே வருகிறார்கள். உள்ளூர்க்காரர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு வண்டிக்கடைக்குப் போகிறார்கள். கடை நிற்குமா என்று கேட்டால், என் அனுபவத்துக்கு எனக்கே சொல்லத் தெரியவில்லை. இடத்துக்குச் சொந்தக்காரர் காலி செய்யச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று கேள்வி. நானும் ஒரு நாள் என் கடையை விட்டுவிட்டு அங்கே போய், காலித் தம்ளர் கேட்டு வாங்கி, வாசலில் நின்று ஊர் பார்க்க முகர்ந்தேன். எங்கள் குடும்பத்து மூக்கு இது. சுடுதண்ணீர் வாடையைத் தவிர ஒன்றும் இல்லை என்று சத்தமாகச் சொன்னேன். ‘மச்சானுக்கு மச்சான் சாட்சி’ என்றான் ஒருவன். அவனும் நம் சங்கம்தான்.

சிரித்தவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். நீங்கள் போய் அந்த மேஜையைப் பாருங்கள். கடைக்குள் வருகிற எல்லோருக்கும் நர்ஸம்மா காலித் தம்ளரை வைத்துவிட்டு, அவர்கள் கண் முன்னால்தான் தண்ணீர் ஊற்றுகிறார். மாப்பிள்ளைக்கு மட்டும் உள்ளேயே ஊற்றி, தளும்பத் தளும்ப நிரப்பிக் கொண்டுவந்து வைக்கிறார். முகர இடமில்லை, கவிழ்க்கவும் முடியாது. அவர் இரண்டு கையாலும் பிடித்து, சிந்தாமல் குடிக்கிறார்.